நுரையீரல் அறுவைக்குப் பிறகு: மூச்சுக்குழாயின் வெட்டுமுனை ஏன் பிரிகிறது?

நுரையீரல் புற்றுநோய்க்கு இன்று பெரும்பாலும் ஒரு மடலை, அதாவது நுரையீரலின் ஒரு பிரிவை மட்டுமே வெட்டி எடுக்கிறார்கள். கட்டி, நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் முதன்மை மூச்சுக்கிளையை ஒட்டி வளர்ந்திருந்தால் மட்டும், வேறு வழியில்லாமல், ஒரு பக்க நுரையீரலையே எடுக்க வேண்டிவரும். அப்போது உள்ளே மிஞ்சுவது, தைத்து மூடிய ஒரு குழாயின் முனை. கட்டியை எடுத்து முடித்த பிறகும் மருத்துவரின் கவலை இந்த முனையை விட்டு அகலுவதில்லை.

கையில் பட்ட காயம் ஆறும்வரை கையை அசைக்காமல் வைத்திருக்கலாம். மூச்சுக்குழாய்க்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு இருமலின் அழுத்தமும் தையல் மேல் வந்து மோதும். கிருமிகள் வந்துபோகும் பாதையும் அதுவே. அதன் சுவரைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்களுக்குச் சொந்தமாக இரத்தக்குழாய் இல்லை. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வருவதே அவற்றுக்கு உணவு.

நுரையீரலுக்குள் இவ்வளவு இரத்தம் பாயும்போது குழாயின் சுவருக்கு மட்டும் ஏன் பஞ்சம்? இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் பெருக்கெடுத்து வரும் இரத்தம் பிராணவாயுவை ஏற்றிக்கொள்ள வருவது. மூச்சுக்குழாயின் சுவருக்குச் சோறு போடுபவை வேறு, பெரும்பாலும் மகாதமனியிலிருந்து பிரியும் மெல்லிய தமனிகள். புற்றுநோய் அறுவையில் குழாயைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்தாக வேண்டும். அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது இந்தத் தமனிகளும் அறுபடலாம். நோயை மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும், முனைக்கு இரத்தத்தை மிச்சம் வைக்கவும் வேண்டும். இந்த அறுவையின் கஷ்டமே இதுதான் என்பேன்.

முனையை ஸ்டேப்ளரால் அல்லது கையால் தைத்து மூடியதும் ஒரு சோதனை செய்வார்கள். மார்புக்குள் உப்புநீரை ஊற்றி முனையை மூழ்கவைப்பார்கள். மயக்க மருத்துவர் காற்றை அழுத்துவார், வழக்கமாக 25 முதல் 30 செ.மீ. நீரழுத்தம் வரை. எல்லோர் கண்ணும் தண்ணீர் மேல்தான். குமிழி வராவிட்டால் முனை இன்றைக்கு மூடியிருக்கிறது என்று பொருள், ஆறிவிட்டது என்று பொருளல்ல. உலோக ஊசிகள் ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒட்டவைக்க வேண்டியது உயிருள்ள திசு. அதற்கு இரத்தம் போதாமல் ஓரம் அழுகினால், நன்றாகத் தேறிவந்தவருக்குக்கூட ஓரிரு வாரங்களில் தையல் பிரியலாம். மூச்சுக்குழாய்க்கும் மார்பறைக்கும் இடையே இப்படித் திறக்கும் வழியை ஃபிஸ்துலா என்கிறார்கள்.

(மடல் எடுத்தவர்களின் மார்பிலிருந்து காற்றையும் நீரையும் வடிக்கும் குழாயின் புட்டியில் சில நாள் குமிழி வருவதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். அது பெரும்பாலும் நுரையீரலின் மேற்பரப்பிலிருந்து கசியும் காற்று, தானாக நின்றுவிடும்.)

மடல் மட்டும் எடுத்தவர்களில் ஃபிஸ்துலா ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வரும். முழு நுரையீரலையும் எடுத்தால் இது பல மடங்கு கூடும், அதிலும் வலப்பக்கத்தில் அதிகம். இடப்பக்க முனை மகாதமனியின் வளைவுக்கு அடியில் உள்வாங்கிக்கொள்ள, சுற்றியுள்ள திசு அதைப் போர்த்திவிடுகிறது. வலப்பக்க முனை வெற்றறையில் திறந்து நிற்கிறது. அறுவைக்கு முன் கதிர்வீச்சு, சர்க்கரை நோய், சத்துக்குறைவு, ஸ்டீராய்டு, அறுவைக்குப் பின் நீண்ட நாள் வென்டிலேட்டர் எல்லாமே ஆபத்தைக் கூட்டும். புகையும் அப்படித்தான். அறுவைக்கு முன்பே சிகரெட்டை விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடுத்த நுரையீரலின் இடம் வெறுமையாகவே இருக்காது, மெல்ல நீர் சேரும். எக்ஸ்ரேயில் நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் ஏறவேண்டும். ஏறிய மட்டம் இறங்கினால் மருத்துவர் உஷாராவார், ஏனென்றால் அந்த நீர் குழாய் வழியே வெளியேறிக்கொண்டிருக்கலாம். வீட்டில் தெரியும் அடையாளம் இருமல். திடீரென்று இருமி, இரத்தச் சாயலோடு நீர்த்த சளி நிறைய வந்தால் அதைச் சாதாரணச் சளியென்று விட்டுவிடக் கூடாது. அந்த நீர் மிஞ்சியிருக்கும் ஒரே நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அறுவை செய்த பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரகாம் என்ற அறுவை மருத்துவர் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை ஒரே அறுவையில் எடுத்து வெற்றி கண்டார். நோயாளியும் ஒரு மருத்துவர். மார்புச் சுவர் உள்ளே சரிந்து வெற்றறை சுருங்கட்டும் என்று கிரகாம் பல விலா எலும்புகளையும் எடுத்தார். முனையைச் சுற்றி வெற்றிடம் இருப்பது நல்லதல்ல என்பது அன்றே தெரிந்திருந்தது.

இன்று ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அறுவையின்போதே முனையைப் போர்த்திவிடுகிறார்கள். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசை, இதய உறையை ஒட்டிய கொழுப்பு, இரண்டும் இதற்கு உதவும். பின்னால் ஓட்டை விழுந்தால் முதலில் குழாய் போட்டு நீரையும் சீழையும் வடித்து, ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். ஓட்டை சிறியதென்றால் மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப் வழியே பசை வைத்து அடைத்துப் பார்ப்பதுண்டு. சில நாளிலேயே தெரியவந்தால் மறுபடி திறந்து தைப்பார்கள். சீழ் பிடித்து நாளாகிவிட்டால் மார்பில் ஒரு திறப்பு வைத்து, உள்ளே சுத்தமாகும்வரை கட்டு மாற்றிவர மாதங்கள் ஆகலாம். அதன் பிறகும் முனை மூடாவிட்டால் வயிற்றிலுள்ள கொழுப்புத் திரையை மேலே இழுத்துவந்து முனை மேல் வைத்துத் தைப்பதுண்டு. அதை வேரோடு அறுப்பதில்லை; தன் இரத்தக்குழாய்களோடு சேர்ந்தே மார்புக்குள் வந்து, முனைக்குக் கிடைக்காத இரத்தத்தைக் கொண்டுவருகிறது.