ஸ்லைடரை ஏற்றினால் பேஸ் வந்துவிடுமா?

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறரை அங்குல வூஃபர், அதாவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலியை எழுப்பும் பகுதி. முன்னும் பின்னும் ஆடும் அதன் கூம்பை, கோனை, விரல்களால் மெல்ல அழுத்தினேன். உள்ளே கரகரவென்று உரசியது. கோனை அசைக்கும் கம்பிச்சுருள், வாய்ஸ் காயில், போய்விட்டது. "நான் சத்தமா வைக்கவே இல்ல சார்" என்றார். பொய் சொல்லவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில், ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனி ஸ்லைடரால் ஏற்றி இறக்கும் ஈக்குவலைசரைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது: 30 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் ஏற்றியிருந்தார். ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறதே, கொஞ்சம் கீழே இழுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாராம்.

இந்தக் 'கீழே இழுக்கும்' ஆசை எனக்கும் இருந்தது. நானும் இப்படி ஒரு ஜோடி வூஃபரைக் காலி செய்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் பவர். 12 டெசிபல் ஏற்றினால் அந்த அதிர்வெண்ணில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கொடுக்க வேண்டிய பவர் சுமார் 16 மடங்கு. 5 வாட் போதும் என்றிருந்த இடத்தில் 80 வாட். ஆம்பிடம் அவ்வளவு இல்லையென்றால் அலையின் தலை வெட்டுப்படும். அப்படி வெட்டுப்படும்போது பிறக்கும் கூடுதல் ஹார்மோனிக்ஸ், அதாவது மடங்கு அதிர்வெண்கள், உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் வரை போய்ச் சேரும். பேஸ் கேட்கப்போய் ட்வீட்டரை எரித்தவர்களும் உண்டு.

பவரை விடப் பெரிய சிக்கல் கோனின் ஓட்டம். அதே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப, அதாவது பாதி அதிர்வெண்ணில் எழுப்ப, கோன் நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் ஆடுகிறது என்றால் 40-இல் 8, 20-இல் 32. இந்த அளவு வூஃபர்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர்தான் ஒழுங்காக நகரும். அதைத் தாண்டினால் காயில் காந்தப்புலத்தை விட்டு வெளியே வருகிறது, அப்புறம் எங்காவது இடிக்கிறது. சப்வூஃபர்கள் பத்து, பன்னிரண்டு அங்குலம் என்று இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. தள்ள வேண்டிய காற்று அவ்வளவு.

பாக்ஸில் போர்ட், அதாவது காற்றுக்குழாய், இருந்தால் நிலைமை இன்னும் மோசம். போர்ட் எந்த அதிர்வெண்ணுக்கு ட்யூன் ஆகியிருக்கிறதோ, அங்கே காற்றே வேலையைச் செய்துவிடும். கோன் அதிகம் அசையாது. அதற்குக் கீழே போனால் காற்று போர்ட் வழியாகச் சும்மா உள்ளே வெளியே போய்வரும். கோனுக்கு முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை. மூடிய பாக்ஸில் சத்தம் ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் குறையும் என்றால், போர்ட் பாக்ஸில் 24. நம்மவர் ஏற்றியது சரியாக அந்தப் பள்ளத்தில். "நல்லா பேஸ் வந்துச்சு சார்" என்று அவர் சொன்னதும் பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸ் அல்ல. கோன் திணறும்போது உண்டாகும் 60-உம் 90-உம்தான், அதாவது டிஸ்டார்ஷன்.

அட்டைப்பெட்டியில் '20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்ததே என்பார்கள். பக்கத்தில் 'பிளஸ் மைனஸ் 3 டெசிபல்' என்பது போல ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. 20 ஹெர்ட்ஸில் 25 டெசிபல் குறைவாக முனகினாலும் 'வருகிறது' என்று எழுதிவிடலாம்.

சரி, ஸ்பீக்கர் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனாலும் பேஸ் காணோம் என்றால்? பெரும்பாலும் அறைதான் காரணம். 5 மீட்டர் நீள அறையில் அந்த நீளவாக்கில் எழும் முதல் ஒத்ததிர்வு சுமார் 34 ஹெர்ட்ஸ். நீளத்தின் சரிபாதியில் நாற்காலி போட்டிருந்தால் அந்த ஸ்வரம் உங்கள் காதுக்குக் கிட்டத்தட்ட இல்லை. சுவரோரம் நிற்பவருக்கு முழங்கும். அந்தப் பள்ளத்தை ஈக்குவலைசரால் நிரப்ப முடியாது. ஏற்ற ஏற்ற கோன்தான் சாகும். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்திப் பாருங்கள், காசு செலவில்லை. ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தாலும் கீழ்ப்பகுதி சில டெசிபல் இலவசமாகக் கூடும், கொஞ்சம் கொழகொழப்பும் சேர்ந்தே வரும். காதுக்குள் செருகும் இயர்ஃபோனில் கதை இன்னும் எளிது. ரப்பர் முனை காதை அடைக்கவில்லையென்றால் பேஸ் கசிந்து ஓடிவிடும். சரியான அளவு முனையை மாற்றுவதுதான் அங்கே நிஜமான விரிவாக்கம்.

கோனை வதைக்காத வழி ஒன்று உண்டு, காதை ஏமாற்றுவது. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100-க்குச் சற்று மேலே இருக்கும், அதாவது அது வந்து சேரவே இல்லை. ஆனாலும் யாருக்கும் அப்பா குரல் பெண் குரலாகக் கேட்டதில்லை. 360, 480, 600 என்று ஹார்மோனிக்ஸ் வந்தால் மூளை அவற்றின் இடைவெளியைப் பார்த்து 120-ஐத் தானே நிரப்பிக்கொள்ளும். பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஸ்பீக்கரால் அதைத் தொடக்கூட முடியாது, ஆனாலும் ஸ்வரம் புரிகிறது. மிக்ஸ் செய்யும்போது நான் பேஸுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன், அதாவது ஹார்மோனிக்ஸ் சேர்க்கும் லேசான டிஸ்டார்ஷன், போடுவது இதற்காகத்தான். அதிகமானால் பேஸ் தகர டப்பா போல ஒலிக்கும், கவனம்.

மேல் பக்கத்துக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. இளம் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், வயது ஏற ஏற முதலில் போவது மேல்பகுதி. எனக்கு இப்போது 14-க்கு மேல் ஒன்றும் இல்லை. தொழில் செய்பவன் இதை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பார்கள், நான் கிராஃபைப் பார்த்துச் சமாளிக்கிறேன். ஒருமுறை '96 கிலோஹெர்ட்ஸ் மாஸ்டர்' என்று ஒரு ஃபைல் வந்தது. அதன் அதிர்வெண் வரைபடத்தில் 16-இல் செங்குத்தாகச் சுவர், அதற்கு மேல் வெறும் இருட்டு. யாரோ ஒரு எம்பி3-ஐப் பெரிய பாத்திரத்தில் ஊற்றியிருக்கிறார்கள். சாம்பிள் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்ணை, ஏற்றினால் இழந்தது திரும்பி வராது. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே அதில் பாதியான 22.05 வரை எட்டும். காதுக்கு அப்பாற்பட்ட ஒலி உண்மையிலேயே ஃபைலில் இருந்தாலும் லாபம் என்று சொல்ல முடியாது. 24 கிலோஹெர்ட்ஸும் 25-உம் ஒரு சுமாரான ஆம்பில் கலந்தால் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம், 1 கிலோஹெர்ட்ஸ், கீழே கேட்க ஆரம்பிக்கும், பாட்டில் இல்லாத ஒன்று. பதிவின்போது உயர்ந்த ரேட் வைப்பது வேறு விஷயம், அங்கே ஒலியை மெதுவாக்க, உருமாற்ற அது உதவும்.

உங்கள் ஸ்பீக்கர் எங்கே முடிகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். சைன் அலை ஜெனரேட்டர் ஆப் ஒன்று போதும். ஈக்குவலைசரை அணைத்துவிட்டு, மிகக் குறைந்த வால்யூமில் 200 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல இறங்குங்கள். ஸ்வரம் தணிந்துகொண்டே மெலியும், அது இயல்பு. ஓர் இடத்தில் ஸ்வரம் இறங்குவதை நிறுத்தி உறுமத் தொடங்கும், அல்லது போர்ட்டில் புஸ்புஸ்ஸென்று காற்று வரும். வால்யூமை ஏற்றி அதைச் சோதிக்காதீர்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலே, கீழுள்ளதைக் குறைத்து மேலுள்ளதை மட்டும் விடும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் போடுங்கள்.

ஆறரை அங்குலக்காரருக்கு இது 45-இல் வந்தது. புது வூஃபர் மாட்டி 48-இல் ஃபில்டர் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார்: முன்பை விட பேஸ் அழுத்தமாக இருக்கிறதே, ரகசியமாக என்ன ஏற்றினேன் என்று கேட்டார்.