மலைத்தோட்டத்துக்குக் கனமான டிராக்டர்: வாங்கும் முன் இறக்கத்தைப் பாருங்கள்

மழைக்காலம் நெருங்கினால் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், கடையாலுமூடு, அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்கள் எங்கள் பட்டறைக்கு வந்து பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். இருக்கிற டிராக்டர் மேடு ஏறத் திணறுகிறது, எடை கூடிய 50 எச்.பி. வண்டிக்கு மாறிவிடலாமா என்று. மேடு ஏறுவதுதான் சிக்கல் என்றால் அவசரமே இல்லை. ஏற முடியாத வண்டி பெரும்பாலும் நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுழற்றும், டீசல் வீணாகும். இறக்கத்தில் நிற்காத வண்டிதான் ஆளைக் கொல்லும். ஆகவே நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது மூன்று: சரிவு எவ்வளவு, டிரெய்லரில் பாரம் எவ்வளவு, அந்த டிரெய்லருக்குப் பிரேக் உண்டா?

முதல் கேள்விக்கு எல்லாரும் கையைச் சாய்த்துக் காட்டுகிறார்கள். அது போதாது. மூன்று மீட்டர் நீளமுள்ள மரச்சட்டம் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையைப் பாதையின் மேட்டுப் பக்கம் தரையில் ஊன்றி, மேலே கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துச் சட்டத்தைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். பள்ளத்துப் பக்க முனைக்கும் தரைக்கும் இடையே டேப்பில் 60 செ.மீ. வந்தால் சரிவு ஐந்துக்கு ஒன்று, 30 செ.மீ. என்றால் பத்துக்கு ஒன்று. பாதையில் மிகச் செங்குத்தான இடத்தை அளக்க வேண்டும், சராசரியை அல்ல.

இப்போது கணக்குக்கு வருவோம். ரப்பர் தடி ஏற்றிய டிரெய்லர் 4 டன், டிராக்டர் 2 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஒன்று சரிவில் இந்த 6 டன்னும் சேர்ந்து கீழ்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 1,200 கிலோ. மண் பாதையில் சக்கரம் உருளும் தடை அதில் 300, 400 கிலோவை விழுங்கிவிடும். மீதி 800 கிலோவைப் பிரேக்தான் பிடிக்க வேண்டும். சாதாரண டிராக்டரில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். அவற்றின் மேல் உட்காரும் எடை 1,300 கிலோ அளவில் இருக்கும். நனைந்த செம்மண்ணில் டயரின் பிடி அந்த எடையில் நாற்பது சதவீதத்தைத் தாண்டினால் பெரிது. அதாவது 500 கிலோ சொச்சம். இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் அதுவும் குறையும். பிரேக் புத்தம் புதிதாக இருந்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கத்தான் செய்யும்; பின்னால் வரும் டிரெய்லர் டிராக்டரை ஒரு பக்கமாக மடக்கிப் போடும்.

இதே இடத்தில் 2.5 டன் எடையுள்ள நான்கு சக்கர இயக்க வண்டி இருந்தால்? முன்சக்கர இயக்கத்தைப் போட்டு இறங்கும்போது பெரும்பாலான மாடல்களில் இன்ஜினின் பிடிப்பும் பிரேக்கின் பிடிப்பும் முன்சக்கரங்களுக்கும் போகின்றன. தாங்கும் விசை 1,000 கிலோவைத் தொடும். தேவை 900 கிலோ அளவில். தப்பிக்கலாம், மயிரிழையில். அதே 2 டன் வண்டியை வைத்துக்கொண்டு டிரெய்லருக்கு ஒழுங்கான பிரேக் பொருத்தினாலோ, டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். லட்சங்களைக் கொட்டி வண்டியை மாற்றும் முன், அதில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து டிரெய்லரைச் சரிசெய்யுங்கள் என்று நான் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. புதிய வண்டியின் பளபளப்பு டிரெய்லர் பிரேக்குக்கு இல்லையே!

எடை கூட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் தண்ணீரால் கூட்டலாம். பின்டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவது பழைய முறைதான். 13.6-28 அளவு டயர் ஒன்றில் 200 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். இரண்டிலும் நிரப்பினால் 400 கிலோ. அந்த எடை கீழேயே நிற்பதால் வண்டியின் கனமையமும் தாழ்கிறது. குளிர்நாடுகளில் டயருக்குள் தண்ணீர் உறையாமல் இருக்க உப்புக் கலக்க வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து நிரப்ப வேண்டும், அவ்வளவே. பின்பாரம் கூடும்போது முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடி தளரும் என்பதால், முன்பம்பரிலும் இரும்பு எடைக்கட்டிகளை மாட்டிவிடுங்கள்.

பக்கவாட்டுச் சரிவு வேறு கதை. கனமான வண்டி சாயாது என்று நம்புகிறவர்கள் அதிகம். சாய்வதைத் தீர்மானிப்பது எடையல்ல. பின்சக்கரங்களின் இடைவெளியும் கனமையத்தின் உயரமும்தான். போதாததற்கு முன்அச்சு நடுவில் ஒரு பின்னில் ஆடுவதால், டிராக்டர் சாயத் தொடங்கும்போது மூன்று சக்கர வண்டியைப் போலத்தான் நடந்துகொள்கிறது. முன்சக்கரங்கள் உதவிக்கு வருவதற்குள் பாதி கவிழ்ந்திருக்கும். சக்கரத்தின் நடுவிலுள்ள டிஸ்க்கைத் திருப்பி மாட்டிப் பின்சக்கர இடைவெளியைக் கூட்டிக்கொள்ளப் பெரும்பாலான வண்டிகளில் வழி உண்டு. ஆனால் வயலில் உழுத நிலையிலேயே மலைக்கு ஏறிவிடுகிற வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ரப்பர் நட்ட அடுக்குத் தட்டுகளுக்குள் பெரிய வண்டியை விடவே விடாதீர்கள். தட்டின் அகலம் ஒன்றரை மீட்டருக்குள், 50 எச்.பி. வண்டியின் அகலம் பெரும்பாலும் 1.7 மீட்டருக்கு மேல். தட்டை வெட்டும்போது மலைப்பக்கத்தில் தோண்டிய மண்ணைத்தான் வெளிப்பக்கம் போட்டு நிரப்பியிருப்பார்கள். ஆகவே உள்பாதி கெட்டியான மண், வெளிப்பாதி கொட்டிய மண். இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டத்தில் அந்த வெளிப்பாதியை நம்பி டன் கணக்கில் எடையை நிறுத்த முடியாது. டயர் காற்றைக் குறைத்தால் மேல்மண் இறுகுவது குறையும். அடிமண் இறுகுவது அச்சின் மேலுள்ள எடையைப் பொறுத்தது, அதற்குக் காற்று மருந்தல்ல. ஊடுபயிராக அன்னாசி போட்டவர்கள் இதை விளைச்சலில் பார்ப்பார்கள். தட்டுக்குள் மினி டிராக்டரோ புல்வெட்டியோ போதும். பெரிய வண்டி பாதையோடு நிற்கட்டும். பாதையை அகலப்படுத்த மண் வெட்டும் முன், உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்; இருந்தால் அனுமதி வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நாஞ்சில் நாட்டு வயல்களில் ஓடியதைத்தான் வாங்குகிறார்கள். விலை மலிவு. சேற்று உழவில் பின்அச்சு வரை முங்கிய வண்டி அது என்பதை மறந்துவிடுகிறார்கள். பின்பக்க எண்ணெய் அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எண்ணெயில் மூழ்கிய பிரேக் தட்டுகள் உள்ள வண்டியில், அந்த எண்ணெய்தான் பிரேக்கையும் நனைக்கிறது. அடுத்து, வலது காலடியில் உள்ள இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் பூட்டுத் தகட்டைப் பாருங்கள். உழவில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் நிறுத்தித் திருப்புவதற்காக அதைக் கழற்றி வைப்பார்கள். நாளடைவில் துருப்பிடித்து, ஒருநாள் காணாமலே போகும். இறக்கத்தில் ஒரு மிதி மட்டும் அழுந்தினால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்று பள்ளத்துக்கு முகம் காட்டும். இந்தத் தகடு இல்லாமல் வருகிற வண்டியை நான் பட்டறையை விட்டு வெளியே விடுவதில்லை. வாய்ச்சண்டை வந்தாலும் சரி.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தோட்டம் தோட்டமாக ரப்பர் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது, தடி இழுக்க டிராக்டர்களைத்தான் இறக்கினோம். அப்போது ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் இன்னும் போகவில்லை: சங்கிலியை மேல் இணைப்புத் தண்டில் கட்டுவது. இழுவை பின்அச்சுக்கு மேலே இருந்தால், தடி எங்காவது வேரில் சிக்கிய கணத்தில் முன்பக்கம் எழும்பும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. ஒரு விநாடிக்குள் எல்லை தாண்டிவிடும். சங்கிலி எப்போதும் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான். கனமான வண்டி இதில் தப்பிக்கும் என்பதும் பொய். விழும்போது கூடுதல் எடையோடு விழும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்க இருக்கைக்குப் பின்னால் இரும்புச் சட்டம் உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். அந்த இரும்புச் சட்டம் இருந்தால் இருக்கைப் பட்டையைக் கட்டாயம் போட வேண்டும். சட்டம் இல்லாத வண்டியில் பட்டை போடக் கூடாது. மட்கார்டில் ஆள் ஏற்றுவதைப் பற்றிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். நடுவில் கிளட்சை மிதிக்கவோ நியூட்ரலில் விடவோ வேண்டாம்.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என, உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் தருகிறார்கள். மானியம் கிடைக்கிறது என்பதற்காக எச்.பி.யை ஏற்றிவிடாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது; உழவன் செயலியில் பதியலாம். தனியாரிடமும் கிடைக்கும். ஜூன் மழை பிடித்த பிறகு, வாங்க நினைக்கும் எடையில் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, உங்கள் பாதையில், உங்கள் டிரெய்லரோடு, முதலில் காலியாகவும் பிறகு கால் பாரத்தோடும் இறக்கிப் பாருங்கள். அந்தக் கால் பாரத்திலேயே சக்கரம் பூட்டிச் சறுக்கினால், ஷோரூமுக்குப் போகாமல் டிரெய்லரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள்.