காய்ச்சல் விட்ட பிறகும் தேத்தண்ணியில் மணம் இல்லையா?

"தடிமன் போயிருச்சு டொக்டர், ஆனா தேத்தண்ணி வெறும் சுடுதண்ணி மாதிரி இருக்கு." ஹட்டன் பக்கம் மழைக்காலத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் பலர். நாக்கு செத்துவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள்.

கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் நாக்கில் கொஞ்சம் சீனி வைத்தேன். "இனிக்குது" என்றார். கராம்பைக் கடிக்கச் சொன்னேன். நாக்கு சுள்ளென்று விறுவிறுத்தது. மணம் மட்டும் வரவில்லை. அப்போ கோளாறு நாக்கில் இல்லை, மூக்கில். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சி, காளானில் வரும் ருசி) ஆகியவற்றோடு நாக்கின் வேலை முடிந்தது. தேயிலையையும் கருவாட்டையும் பிரித்துக் காட்டுவது, தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்.

சாதாரணத் தடிமனில் பெரும்பாலும் மூக்கடைப்பு விட்டதும் மணம் திரும்பும். கொவிட் அப்படியல்ல. மூக்கின் உச்சியில் மண நரம்புகளைத் தாங்கி நிற்கும் கலங்களை அந்த வைரஸ் தாக்குவதால், அடைப்பே இல்லாமலும் மணம் போகும். சிலருக்கு நாக்கின் சுவையும் குறையும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும்.

சிலருக்கு ஓரிரு மாதம் கழித்து வெங்காயம் வதக்கினால் அழுகல் நாற்றம், கோப்பியில் கருகிய வாடை. பயந்துபோய்ச் சாப்பாட்டையே குறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மனம் விடாதீர்கள். நரம்பு திரும்ப வளரும்போதுதான் பெரும்பாலும் இது வருகிறது. அதுவரை வதக்கல், பொரியலை விட்டு, ஆறிய சோறு, தயிர், பருப்பு என்று வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

இதற்கு மணப் பயிற்சி உண்டு. ஜேர்மனியில் மண ஆய்வாளர் தோமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ் மணங்களை 12 வாரம் முகர வைத்துப் பலன் கண்டார்கள். நான்கும் நம் மலையகத்தில் கைக்கெட்டுபவை. காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 20 விநாடி மெதுவாக முகர்ந்து, அதன் பழைய மணத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். தைலத்தை மூக்குக்குள் விடவே கூடாது.

ருசி தெரியவில்லை என்று கறியில் உப்பை அள்ளிப் போடாதீர்கள், முக்கியமாக பிரஷர் உள்ளவர்கள். காஸ் கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அடுப்பைப் பற்றவைக்கும் முன் வீட்டில் வேறொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். நேற்றைய கறிக்கும் இதே கவனம் வேண்டும்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் மணம் போனால், அடிக்கடி இரத்தம் வந்தால், தலையில் அடிபட்ட பிறகு போனால் காத்திருக்க வேண்டாம். காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அனுப்பும் துண்டை உடனே டொக்டரிடம் கேளுங்கள்.