80 சென்டிமீட்டரைத் தாண்டிய மரம்: பினாங்கில் வெட்டும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

பினாங்கில் உங்கள் சொந்த நிலத்தில் நீங்களே நட்டு வளர்த்த மரமாக இருக்கலாம். அது ஓர் அளவுக்கு மேல் பருத்துவிட்டால், சாய்ப்பதற்கு உங்கள் வட்டார மாநகர் மன்றத்தின், அதாவது கவுன்சிலின், எழுத்து மூலமான அனுமதி வேண்டும். மலேசியாவின் 172ஆம் எண் சட்டம் எனப்படும் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 35எச் என்ற பிரிவு இதைச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வெட்டினாலும் இதே விதிதான், கோயில் நிர்வாகம் வெட்டினாலும் இதே விதிதான். ஆனால் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) விசாரித்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அந்த அளவு என்ன? அடிமரத்தின் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். பலகை வேர் விரிந்து நிற்கும் மரமென்றால் அந்த வேர்களுக்கு மேலே அளக்க வேண்டும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். 80 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் குறுக்கே சுமார் 25 சென்டிமீட்டர்தான், பெரிய மரமே இல்லை. சாலையோர அங்சானாவும் மழைமரமும் இதை எப்போதோ தாண்டியிருக்கும். வீட்டு வாசல் மாமரமும் வேம்பும்கூட கொஞ்சம் வயதானால் தாண்டிவிடும். என்ன சாதி மரம், பழம் தருமா, அடியில் சூலம் நட்டிருக்கிறார்களா என்றெல்லாம் இந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

விதிவிலக்கு உண்டு. செத்த மரம், செத்துக்கொண்டிருக்கும் மரம், உடனடி ஆபத்தைத் தடுக்க வெட்ட வேண்டிய மரம், வேறொரு சட்டப்படி வெட்டியே ஆக வேண்டிய மரம் ஆகியவற்றுக்கு இந்த அனுமதி தேவையில்லை. தகராறெல்லாம் அந்த 'உடனடி ஆபத்து' என்பதில்தான் வரும். 2017 நவம்பர் தொடக்கத்தில் அடித்த புயல்மழையில் மரங்கள் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு, காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே வயிற்றைக் கலக்கும். அந்தப் பயம் நியாயமானது. அடிமரம் வெடித்திருந்தாலோ, வேர்ப்பக்கம் மண் கிளம்பி மரம் ஒருக்களித்திருந்தாலோ காத்திருக்கவும் முடியாது. ஆனால் சாக்கடையில் இலை அடைக்கிறது, கார்மேல் காக்கை எச்சம் விழுகிறது, வேர் சிமெண்டுத் தரையைத் தூக்குகிறது என்பதெல்லாம் தொல்லைதான், உடனடி ஆபத்து ஆகாது. அதற்கெல்லாம் முறையாக விண்ணப்பம் போட்டுக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பமோ புகாரோ, தீவில் என்றால் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். முதலாவதற்குக் கொம்தார் கட்டடத்தில் அலுவலகம் உண்டு, இரண்டாவது பண்டார் பெர்டாவில். வனக் காப்பகத்துக்குள் நிற்கும் மரங்கள் வனத்துறையின் பொறுப்பு, அது வேறு சட்டம். கோலாலம்பூரில் இருக்கும் உறவினர்களுக்கு இதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். கூட்டரசுப் பிரதேசத்துக்குத் தனித் திட்டமிடல் சட்டம் இருக்கிறது.

இந்த 35எச் பிரிவுக்கு மேலே இன்னொரு படியும் உண்டு. 35ஏ பிரிவின்படி, ஒரு மரமோ மரக்கூட்டமோ அந்த வட்டாரத்தின் அழகுக்கும் வசதிக்கும் தேவை என்று கவுன்சில் கருதினால், 'மரப் பாதுகாப்பு ஆணை' பிறப்பிக்கலாம். அந்த ஆணையை மீறினால் 100,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். முடிவு கவுன்சிலுடையது. ஆனால் இந்த மரத்துக்கு ஆணை போடுங்கள் என்று கேட்டுக் கடிதம் எழுத யாருக்கும் தடையில்லை. என் கணிப்பில், தனி ஒருவர் எழுதுவதைவிட குடியிருப்போர் சங்கமோ அக்கம்பக்கத்தார் குழுவான ருக்குன் தெத்தாங்காவோ கிராம நிர்வாக மன்றமோ எழுதினால் கடிதம் கொஞ்சம் வேகமாக நகரும். ஒரு நகலைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.

வெட்டிய பிறகு புகார் கொடுத்துப் பெரிய பலனில்லை. அடிக்கட்டையையும் பிடுங்கி லோரியில் ஏற்றிய பின், அங்கே என்ன மரம் நின்றது, எவ்வளவு பருமன் என்று யார் நிரூபிப்பது? அதனால் மரத்துக்கு ஆபத்து வருவதற்கு முன்பே தாமான் மரங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு வைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் சேர்ந்தால் ஒரு லோரோங்கை (சந்தை) முடித்துவிடலாம். ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு படம் வேண்டும். ஒன்று, அடிமரத்தில் டேப்பைச் சுற்றி எண் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் எடுத்தது. மற்றொன்று, பின்னால் வீட்டு எண்ணோ சாலைப் பலகையோ தெரியும்படி தள்ளி நின்று எடுத்தது. தேதி, சுற்றளவு, மரத்தின் மலாய்ப் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் மலாயில் போகும் என்பதால் வேம்பை 'செமாம்பு' என்றும் மழைமரத்தை 'ஹுஜான்-ஹுஜான்' என்றும் எழுதுவது நல்லது. பிள்ளைகளை அளக்க விடுங்கள், உற்சாகமாகச் செய்வார்கள்.

அலுவலகம் மூடியிருக்கும் விடுமுறை நாளில் செயின்சா சத்தம் கேட்டால் என்ன செய்வது? ஆட்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், அவர்கள் கூலிக்கு வந்தவர்கள். அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். இல்லையென்றால் வெளியே சாலையில் நின்றபடி படம் எடுத்து, லோரி எண்ணையும் குறித்துக்கொண்டு, கவுன்சிலின் புகார்ப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள். திங்கட்கிழமை அதையே கடிதமாகவும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. காலி நிலத்தில் அடுக்குமாடி வருகிறதென்றால், மேம்பாட்டாளர் திட்டமிடல் அனுமதி கேட்கும்போது ஒரு மேம்பாட்டு அறிக்கை தர வேண்டும். அந்த நிலத்தில் உள்ள மரங்கள், செடிகொடிகளின் கணக்கும் அதில் இருக்க வேண்டும் என்கிறது 21ஏ பிரிவு. அவர்கள் கணக்கில் ஒரு மரம் விடுபட்டிருந்தால், உங்கள் கையில் இருக்கும் தேதி போட்ட படம் பேசும்.

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்குக் கவுன்சில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். ஒட்டிய நிலம் மட்டுமல்ல, நடுவே 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ இருந்தாலும் பக்கத்து நிலம்தான். ஒரு சிக்கல், அறிவிப்பு போவது பதிவுபெற்ற உரிமையாளருக்கு. வாடகைக்கு இருப்பவர் கைக்கு அது வராமலே போகலாம். வீட்டு உரிமையாளர் சிங்கப்பூரிலோ ஈப்போவிலோ இருந்தால், கவுன்சிலிலிருந்து ஏதாவது கடிதம் வந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி இப்போதே சொல்லி வையுங்கள்.