ஆறு போகிற பக்கம் போனால் இறக்கமா?

பிரான்ஸில் லுவார் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். ஆறு போகிற பக்கமே போ, இறக்கமாக இருக்கும், காலுக்கு வேலையே இருக்காது. நானும் நம்பினேன். ஒர்லெயானில் ஆரம்பித்து தூர் நகரம் வரை சுமார் 120 கி.மீ., அவசரமில்லாமல் இரண்டு நாள், கேரியரின் இரண்டு பக்கமும் பை, ஹேண்டில்பாரில் ஒரு ரொட்டிப் பொட்டலம். முதல் நாள் மதியம் வழியிலிருக்கும் புளுவா ஊரை நெருங்கும்போது இருப்பதிலேயே சின்ன கியருக்கு வந்துவிட்டேன், வேகம் மணிக்கு 10 கி.மீ. தாண்டவில்லை, வலது பக்கம் ஆறு மட்டும் நான் போகிற திசையிலேயே சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு வயதான தம்பதி வந்தார்கள். பெடலைச் சுற்றக்கூட இல்லை, பேசிக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள், கையை வேறு ஆட்டினார்கள்.

அவர்கள் போனது ஆறு வருகிற பக்கம். அதாவது மேட்டுப் பக்கம்.

அன்று ராத்திரி விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒர்லெயானில் ஆற்றங்கரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர் உயரம். தூரில் சுமார் 45. இரண்டு நாள் பயணத்தில் கிடைக்கும் மொத்த இறக்கமே 45 மீட்டர்தான், கிலோமீட்டருக்கு ஒரு முழம்கூட வரவில்லை. நானும் சைக்கிளும் பைகளும் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்தச் சரிவு என்னை முன்னால் இழுக்கும் விசை வெறும் 40 கிராம் எடை அளவு. ஒரு கோழிமுட்டைகூட அதைவிடக் கனம். முட்டையை நூலில் கட்டி முன்னால் தொங்கவிட்டு அது இழுத்துக்கொண்டு போகும் என்று நம்பி நான் கிளம்பியிருக்கிறேன்!

ஆறு ஏன் இவ்வளவு சப்பையாக இருக்கிறது? லுவார் பிரான்ஸின் மிக நீளமான ஆறு, 1,000 கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். தெற்கே மாசிஃப் சென்ட்ரல் மலைப் பகுதியில், ஜெர்பியே த ஜோன் என்ற குன்றின் அடியில், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் ஊற்றெடுக்கிறது. பாதி தூரம் ஓடி நெவேர் நகரத்துப் பக்கம் வந்து சேரும்போது மிச்சமிருக்கும் உயரம் 170 மீட்டர்தான். முதல் பாதியில் 1,200 மீட்டருக்கு மேல் இறங்கித் தீர்த்துவிட்டு, அடுத்த பாதியை அந்த 170 மீட்டரை வைத்தே ஓட்டுகிறது. பெரும்பாலான பெரிய ஆறுகள் இப்படித்தான். மலையில் தண்ணீர் கொஞ்சம், கல் பெரிது, அதை உருட்டச் செங்குத்தான சரிவு வேண்டும். கீழே வரவர அலியே மாதிரி கிளை ஆறுகள் வந்து சேர்ந்து தண்ணீர் பெருகுகிறது, கல் தேய்ந்து மணலாகிறது, பெருகிய தண்ணீருக்கு அந்த மணலை நகர்த்தக் கொஞ்சம் சரிவு போதும். சரிவு தேவைக்கு மேல் இருந்தால் ஆறு அடியை அரித்துக் குறைத்துக்கொள்ளும், குறைவாக இருந்தால் மணலைக் கொட்டி மேடாக்கிக்கொள்ளும். பல்லாயிரம் வருஷம் இப்படிச் சரிபார்த்துச் சரிபார்த்து வந்த மட்டம் அது.

சாலை மட்டமாக இருப்பதற்குக் காரணம் மனிதர்கள். லுவாருக்கு வெள்ளக் கோபம் அதிகம், 1846, 1856, 1866 என்று இருபது வருஷத்துக்குள் மூன்று பெருவெள்ளம் வந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டிலிருந்தே மண்ணைக் கொட்டிக் கரை போட்டு, பிறகு வந்தவர்கள் அதை உயர்த்திக்கொண்டே போனார்கள். சைக்கிள் பாதை பல இடங்களில் இந்தக் கரையின் மேல்தான் ஓடுகிறது. கரையின் உச்சி ஓரிடத்தில் தாழ்ந்தாலும் வெள்ளம் அங்கே புகுந்துவிடும், வேண்டாத இடத்தில் உயர்த்தினால் மண் சுமந்த கூலி வீண். அதனால் வெள்ளத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு இணையாகவே கரை போகும். நாம் ஓட்டுவது கிட்டத்தட்ட வெள்ளத்தின் முதுகின் மேல்.

சரி, மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அப்புறம் என் காலில் இருந்த வலு எங்கே போனது?

மட்டமான சாலையில் சைக்கிளைப் பிடித்து இழுப்பவை இரண்டு. ஒன்று டயர். தரையில் படும் இடத்தில் ரப்பர் நசுங்கி, மறுபடி விரியும்போது கொடுத்த சக்தி முழுவதையும் திருப்பித் தராமல் கொஞ்சத்தைச் சூடாக்கி விட்டுவிடுகிறது. இன்னொன்று காற்று. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து, பைகளோடு போகிற ஆளுக்கு இரண்டும் ஏறத்தாழச் சமம், ஒவ்வொன்றுக்கும் 25 வாட், ஆக மொத்தம் 50 வாட். பழைய குண்டு பல்ப் ஒன்று எரியும் சக்தி. முட்டை தரும் உதவி இதில் ஒன்றரை வாட்.

இது காற்றே வீசாத நாளின் கணக்கு. காற்றின் எதிர்ப்பு, நம் மேல் மோதும் காற்றின் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப கூடும், வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று, அதாவது மர இலைகள் சலசலக்கும் அளவுக்கான காற்று, அடித்தால் 15இல் போகிற என் மேல் மோதுவது 25. அதே 15 வேகத்தில் போக இப்போது 50 வாட் போதாது, கிட்டத்தட்ட 94 வேண்டும். அதே காற்று முதுகில் அடித்தால் 28 வாட் போதும். வேறு மாதிரி சொன்னால், அதே 50 வாட் உழைப்புக்கு எதிர்காற்றில் மணிக்கு 10 கி.மீ.தான், பின்காற்றில் 20 கி.மீ. அந்தத் தம்பதியின் ரகசியம் இதுதான். அவர்கள் ஏறின முழக்கணக்கு மேட்டை யார் கவனித்தார்கள்?

போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, எல்லாம் ஈடாகிவிடும் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். ஆகாது. 60 கி.மீ. போக 6 மணி நேரம், திரும்பி வர 3 மணி நேரம், மொத்தம் 9. காற்றில்லாத நாளில் 8 மணி நேரத்தில் வந்திருக்கலாம். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமும் அதிகம், அதுதான் விஷயம். பக்கக்காற்றும் சும்மா விடாது, அதுவும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும்.

லுவார் பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும். பூமத்திய ரேகையிலிருந்து 45, 50 டிகிரி வடக்கே இருக்கும் இந்தப் பட்டைக்குத் தெற்கே உயர் அழுத்தம், வடக்கே தாழ்வழுத்தம். தெற்கிலிருந்து வடக்கே கிளம்பும் காற்றைப் பூமியின் சுழற்சி வலது பக்கம் திருப்பிவிட, அது மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. ஆறோ நெவேரிலிருந்து வடக்கும் வடமேற்குமாக ஏறி, ஒர்லெயானில் ஒரு பெரிய வளைவு எடுத்து, அங்கிருந்து தென்மேற்காகவும் மேற்காகவும் அட்லாண்டிக்கைப் பார்த்துப் போகிறது. அதாவது ஒர்லெயானைத் தாண்டினால், ஆற்றோடு போகிறவன் காற்றின் வாயில் போகிறான். நான் சரியாக அங்கேதான் ஆரம்பித்திருக்கிறேன்.

ஆற்றோடு போனால் சுலபம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது படகுக்காரர்களின் அறிவு. தண்ணீர் ஓடும்போது படகையும் தூக்கிக்கொண்டு போகும், கரையில் ஓடும் சைக்கிளுக்கு அந்த ஓட்டத்தால் சல்லிக்காசு பிரயோஜனமில்லை. ஆனால் லுவார் படகுக்காரர்கள் இரண்டையும் பயன்படுத்தினார்கள். கடல் பக்கமிருக்கும் நாந்த் நகரத்துக்கு இறங்கும்போது நீரோட்டம். திரும்பி ஒர்லெயானுக்கு ஏறும்போது உயரமான பாய்மரத்தில் பெரிய சதுரப் பாயை விரித்து, மேற்குக் காற்றை அதில் வாங்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகளைக் கட்டி, நீரோட்டத்தை எதிர்த்தே போனார்கள். காற்று வராத நாளில் கரையில் காத்திருந்தார்கள். ஓட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்று அமைந்ததால்தான் மணல் திட்டுகள் நிறைந்த, ஆழமில்லாத அந்த ஆற்றில் அவ்வளவு சரக்கு போய் வந்தது. ரயில் 1846இல் தூருக்கும் 1851இல் நாந்துக்கும் வந்தது, பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். இன்று அந்த மேற்குக் காற்றைப் பயன்படுத்துவது என்னைக் கடந்து போன தம்பதி மாதிரி விவரம் தெரிந்தவர்கள்தான்.

காற்றை ஏமாற்றவும் வழிகள் உண்டு. ராத்திரி தரை குளிர்ந்துவிடுவதால் தரையை ஒட்டிய காற்று கனமாகி அப்படியே படிந்து கிடக்கும், மேலே வீசும் வேகமான காற்று அதற்குள் இறங்காது. வெயில் ஏறத் தரை சூடாகி, கீழ்க்காற்று மேலே போக, மேல்காற்று கீழே வரும், மதியம் இரண்டு மணிக்குக் கரையின் மேல் ஆளைத் தள்ளும். அதனால் காலை ஆறரைக்குக் கிளம்பிப் பகலுக்குள் முக்கால் தூரம் முடித்துவிடுகிறவர்கள் பிழைத்தார்கள், நான் பத்து மணி வரை குரோசான் என்கிற பிறை வடிவ வெண்ணெய் ரொட்டியும் காபியுமாக உட்கார்ந்திருந்தேன். கரையின் உச்சி திறந்தவெளி, காற்று அங்கே அதிகம். அதே கரைக்குப் பின்னால் வயல் பக்கம் இறங்கி ஓடும் பாதையில் காற்று குறைவு. பாப்ளர் மரங்களை வரிசையாக நட்டிருக்கும் இடங்களில் மர உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைக்கும் அந்தத் தடுப்பு வேலை செய்யும்.

குரோசான் என்றதும் நினைவுக்கு வருகிறது, சாப்பாட்டுக் கணக்கு. பெடலில் ஒரு பங்கு வேலை வர உடம்பு நான்கு பங்கு எரிக்கும், மீதி வியர்வையும் சூடும். காற்றில்லாத நாளில் 120 கி.மீ.க்கு சுமார் 1,400 கலோரி, அதாவது ஆறு குரோசான். எதிர்காற்றில் அதே உழைப்போடு 12 மணி நேரம் மிதிக்க வேண்டும், ஒன்பது.

மேடே வேண்டாம், அந்த முழமும் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஆற்றின் மேல்பக்கத்தில் கால்வாய் இருக்கிறது. மணல் திட்டு ஆற்றில் பெரிய படகு போகாது என்பதால் திகுவான் என்ற ஊரிலிருந்து பிரியார் என்ற ஊர் வரை ஆற்றை ஒட்டியே சுமார் 196 கி.மீ.க்குத் தனிக் கால்வாய் வெட்டி 1838இல் முடித்தார்கள். தேங்கிய தண்ணீர் என்பதால் அதன் கரை துளிகூடச் சாயாது. மொத்தச் சரிவையும் அங்கங்கே 'எக்லூஸ்' என்கிற கதவு வைத்த தண்ணீர்ப் பெட்டிகளில் அடைத்துவிட்டார்கள். படகு உள்ளே போகும், பின்கதவை மூடித் தண்ணீர் விடுவார்கள், மாடி ஏறின மாதிரி படகு மேல்மட்டத்துக்கு வந்துவிடும். கரையில் படகை இழுத்த குதிரைக்கு அந்த ஓரிடத்தில் மட்டும் குட்டி ஏற்றம். இன்று நமக்கும் அதே. சில கிலோமீட்டர் மட்டம், கொஞ்சம் மிதி ஏற்றம், மறுபடி மட்டம்.

பிரியாரில் அந்தக் கால்வாய் லுவாருக்கு மேலேயே பாலத்தில் போகிறது. 1896இல் திறந்தது, 662 மீட்டர் நீள எஃகுத் தொட்டி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் இடுப்புப் பக்கத்தில் ஒரு படகு வரும், கீழே ஆறு ஓடும். அவ்வளவு பெரிய படகு ஏறினால் பாலம் தாங்குமா என்று பயப்பட வேண்டியதில்லை, படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தொட்டியை விட்டு வெளியே தள்ளிவிட்டுத்தான் உள்ளே வருகிறது, பாலத்துக்குச் சுமை ஒன்றுதான்.

அடுத்த வருஷம் புத்தி வந்து, சைக்கிளை ரயிலில் ஏற்றி நேரே தூரில் போய் இறங்கி, கிழக்கே ஒர்லெயானைப் பார்த்துத் திருப்பினேன். ஆகாயத்தில் மேகம் ஒரு துணுக்கு இல்லை, அருமையான வெயில். வடக்கே ஐரோப்பாவின் மேல் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்திருந்தது, அந்த மாதிரி நாட்களில் இங்கே காற்று கிழக்கிலிருந்து வீசும். மூன்று நாளும் வீசியது. எதிரே ஆற்றோடு போகிற கூட்டம் பெடலைச் சுற்றாமல் வந்துகொண்டிருந்தது, நான்தான் இந்த முறை முதலில் கையை ஆட்டினேன்.