சிங்கப்பூரில் கடைசி முழுநாள்: பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்

"ஏர்போர்ட்ல பாத்துக்கலாம்." சிங்கப்பூருக்குத் தம்பதிகளை அனுப்பிவைக்கும் எங்களை அதிகம் பதற வைக்கும் பேச்சு இதுதான். நாலு நாள் ஊர் சுற்றிவிட்டு, கைநிறையப் பில்லோடு திரும்பி வந்து, "வரிப் பணம் வரவே இல்லையே" என்று கேட்பவர்கள் குறைந்தபாடில்லை. ஏர்போர்ட்டில் பார்த்துக்கொள்ள முடியாதவற்றைக் கடைசி முழுநாளிலேயே முடித்துவிடுங்கள்.

முதலில் அந்த நாள் எது என்று தெரிய வேண்டும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:50 என்று இருந்தால், 14ஆம் தேதி இரவு பத்து மணிக்குள் நீங்கள் சாங்கி விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அறையை அன்று பகலிலேயே காலி செய்தாக வேண்டும். ஆக, உங்கள் கடைசி முழுநாள் 13தான். 14 இரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்தால் விமானம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும்.

இனி ஜிஎஸ்டி. 2024 ஜனவரியிலிருந்து அங்கே 9 சதவீதம். வாங்கிய பொருளைச் சுற்றுலாப் பயணி விமானத்தில் வெளியே கொண்டுபோனால் வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்த வேலை விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, கடையில் தொடங்குகிறது. அந்தக் கடை இந்த வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். வாங்கும்போதே அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி, உங்கள் பெயரில் பதிய வைக்க வேண்டும். போனில் உள்ள படம் செல்லாது, ஜெராக்ஸும் செல்லாது. பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை அறை லாக்கரில் வைத்துவிட்டு முஸ்தபா என்ற பெரிய கடைக்குப் போகிறவர்கள் அந்தப் பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

தம்பதிகள் தவறும் இடம் இன்னொன்று. குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும்; டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய மூன்று பில்கள் வரை சேர்த்து அந்தக் கணக்கை எட்டலாம். ஆனால் அத்தனையும் ஒரே பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். கணவர் 70 வெள்ளிக்குக் கைக்கடிகாரம், மனைவி 60 வெள்ளிக்கு சென்ட் என்று தனித்தனிப் பாஸ்போர்ட்டில் பதிந்தால் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. கணவன் மனைவி என்று சொல்லிப் பார்த்தும் பயனில்லை. ஒருவரே இரண்டையும் வாங்கித் தம் பெயரில் பதிந்தால் 130 வெள்ளி, அதில் வரி 10 வெள்ளி 73 காசு. 130-க்கு 9 சதவீதம் போட்டு 11.70 என்று எதிர்பார்க்காதீர்கள். விலைக்குள்ளேயே வரி அடக்கம், ஆகவே 109-ல் 9 பங்குதான். அதிலும் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். சாப்பாட்டு பில், ஹோட்டல் வாடகை, சென்டோசா சுற்றுலாத் தீவு டிக்கெட் எதற்கும் இது கிடையாது. ஜொகூர் பாலம் வழியாகப் பேருந்தில் மலேசியா போகிறவர்களுக்கும் கிடையாது.

விமான நிலையத்தில் எதை முதலில் செய்கிறீர்கள் என்பது முக்கியம். பெட்டியில் போகும் பொருளென்றால், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அதற்கான கியோஸ்க் இயந்திரத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். சுங்கத்தார் பொருளைக் காட்டச் சொல்லலாம். பெல்ட்டில் போன பெட்டியை எப்படிக் காட்டுவீர்கள்? கைப்பையில் இருக்கும் பொருளை குடிநுழைவு (இமிகிரேஷன்) தாண்டி உள்ளே பதியலாம். ரொக்கமாக வாங்கும் கவுண்டரும் உள்ளேதான்.

நகை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியச் சுங்கத்தில் நகைக்கென்று இருக்கும் தனிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்கு. நாலு நாள் போய் வருபவருக்கு இல்லை. "கழுத்துல போட்டுக்கிட்டா கேக்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

பெட்டியைக் கடைசி முழுநாள் இரவே அறையில் எடை போடுங்கள். கொக்கித் தராசு ஒன்று போதும். சாக்லேட் பொட்டலங்கள் கனம் காட்டாமல் ஏமாற்றும். இருவருக்கும் ஒரே பிஎன்ஆர் (டிக்கெட் பதிவு எண்) என்றாலும் இருவர் எடையையும் சேர்த்துக் கணக்கிட எல்லா விமான நிறுவனமும் சம்மதிக்காது, அதனால் ஒரு பெட்டி 28 கிலோ, இன்னொன்று 14 கிலோ என்று இருந்தால் இரவே பிரித்து வையுங்கள். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக எடுக்கவே மாட்டார்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட சென்ட், தைலம், காயா ஜாம் (தேங்காய்ப்பால், முட்டை சேர்த்த ஜாம்) பெட்டிக்குள். ஜாம் திரவம் இல்லையே என்று வாதாடினாலும் பரிசோதனையில் திரவக் கணக்குதான். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு: கைப்பையில்தான், பெட்டியில் கூடாது.

40 மீட்டர் அருவி கொட்டும் ஜுவல் வணிக வளாகம், முதல் முனையத்தை ஒட்டி, குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே போனபின் திரும்பி வந்து பார்க்க முடியாது. பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஹோட்டலிலிருந்து கிளம்புங்கள். நான்காம் முனையத்திலிருந்து பறப்பவர்கள் அந்த முனையத்துக்குப் போகும் பேருந்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.