ஓரம் சுத்தம்தான், நெறி?

"அதுதான் ஓரமெல்லாம் சுத்தம்னு எழுதியிருக்குதுங்களே டாக்டர்!" கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வருபவர்கள் சொல்லிச் சொல்லி இது எனக்கு மனப்பாடம். போன மாதமும் ஒருவர். இரைப்பையில் ஆரம்பநிலைப் புற்று. கோயம்புத்தூரில் எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுத்துவிட்டார்கள். பயாப்சி ரிப்போர்ட் வந்ததும், நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) எடுக்க ஆபரேஷனும் வேண்டும் என்றார்கள். வீட்டில் கூடிப் பேசி வேண்டாமென்று முடிவு செய்தார்கள். இப்போது வயிற்றுக்குள் நெறி கட்டி வந்திருக்கிறார்.

பயாப்சி பார்ப்பதுதான் என் வேலை. எடுத்த சதையை விரித்து, ஊசி குத்தி, 2 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாக நறுக்கிப் பார்க்கிறோம். ஓரம் சுத்தம் என்றால், வெட்டியெடுத்த சதையின் விளிம்பில் புற்று இல்லை, அதாவது அந்த இடத்தில் மிச்சமில்லை, அவ்வளவுதான். நெறிகள் இரைப்பைக்கு வெளியே இருக்கின்றன. எண்டோஸ்கோப்பி அவற்றைத் தொடுவதே இல்லை. வரப்பில் நிற்கும் பார்த்தீனியத்தைப் பிடுங்கலாம். முன்பே வாய்க்கால் தண்ணீரில் போன விதையை என்ன செய்வது?

"ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லீங்களே?" ஸ்கேனுக்குப் பெரும்பாலும் நெறியின் அளவுதான் தெரியும். வீங்காத நெறிக்குள் நாலு புற்றணு உட்கார்ந்திருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? ஓரம் சுத்தம், ஸ்கேன் சுத்தம், இரண்டையும் கூட்டினாலும் நெறி சுத்தம் என்று விடை வராது. எத்தனை தடவை சொல்வது!

பார்க்க வேண்டியது வேறு வரிகள். புற்று உள்சவ்வோடு நின்றிருந்தால் நெறிக்குப் போயிருக்கும் வாய்ப்பு 100இல் சுமார் 3. அடுத்த அடுக்குக்கு இறங்கியிருந்தால் சுமார் 20. இறங்கிய ஆழம் அரை மில்லிமீட்டரைத் தாண்டியதா, அகலம் 3 சென்டிமீட்டருக்கு மேலா, நிணநீர்க் குழாய்க்குள் புற்றணு தெரிந்ததா? கடைசிக் கேள்விதான் கனமானது. போன மாதம் வந்தவருடைய ரிப்போர்ட்டில் மூன்றுமே இருந்தன. ஆனால் இங்கிலீஷ் ரிப்போர்ட்டை மலையாளப் பள்ளிக்கூடத்துப் பேரன் தமிழில் சொல்லும்போது, நல்ல வரி வந்ததுமே எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள்.

அப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு நெறியில் ஒன்றும் இருப்பதில்லை, உண்மைதான். யாருக்கு இருக்கிறது என்று எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதே. 80 வயது, இதயமும் பலவீனம் என்றால் ஆபரேஷனை விட்டுவிட்டுக் கண்காணிப்பதும் சரியான முடிவாக இருக்கலாம். அதை டாக்டரோடு உட்கார்ந்து எடுங்கள், திண்ணையில் வேண்டாம்.

அப்புறம், எல்லாம் நல்லபடியாக முடிந்தவர்களும் வருஷத்துக்கு ஒரு எண்டோஸ்கோப்பி தவறக் கூடாது. மிச்ச இரைப்பையில் புதிதாக இன்னொன்று வரலாம். இரைப்பைப் புற்றுக்கு வழிவிடும் பைலோரி கிருமிக்குக் கொடுத்த மாத்திரையை, வாய் கசக்கிறதென்று நாலாம் நாளே நிறுத்திவிடாமல், தயவுசெய்து முழுசாக முடியுங்கள்.